கன்யூர் வாங்கப் போகிறவர்களிடம் நான் கேட்பது

"சன் கன்யூர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்" என்று யாராவது சொன்னால், "பக்கத்து வீட்ல கைக்குழந்தை இருக்கா? நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து பகல்ல தூங்குறவங்க யாராவது இருக்காங்களா?" என்றுதான் முதலில் கேட்பேன். கூண்டு, தீவனமெல்லாம் அதற்குப் பிறகு. கன்யூர் என்பது தென்னமெரிக்காவின் சின்னக் கிளி வகை. பலருக்கு இந்தக் கேள்வி வினோதமாகப் படும். அவர்கள் யூடியூபில் பார்த்த பறவை தோளில் உட்காரும், காதோரம் கொஞ்சும், தலையைக் கோதினால் கண்ணை மூடிக்கொள்ளும். அதெல்லாம் நிஜம். எங்கள் சாமந்தியும் அப்படித்தான். அதே சாமந்தி விடிந்ததும் ஒரு குரல் கொடுத்தால் கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் நிமிர்ந்து பார்ப்பார்.

சாமந்தி ஒரு சன் கன்யூர். மஞ்சள் உடம்பு, முகத்திலும் வயிற்றிலும் ஆரஞ்சு, சிறகில் பச்சையும் நீலமும். பெயர் என் மகள் வைத்தது. சன் கன்யூரில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இறகை லேபுக்கு அனுப்பி டிஎன்ஏ சோதனை செய்ததில் ஆண் என்று வந்தது. அதற்குள் அந்தப் பெயருக்கு அது திரும்பிப் பார்க்கப் பழகியிருந்ததால் மாற்றவில்லை.

இந்தப் பறவையோடு வாழ்ந்து நான் புரிந்துகொண்டது ஒன்றுதான். நாயும் பூனையும் பல்லாயிரம் வருடமாக மனிதர்களோடு இருந்து பழகியவை. கன்யூர் கூண்டிலேயே பிறந்திருந்தாலும் அதன் பாட்டன் பூட்டன் தென்னமெரிக்காவில் கூட்டமாகப் பறந்தவை. நாம் சேட்டை என்றும் திமிர் என்றும் சொல்வதெல்லாம் அந்தக் கூட்ட வாழ்க்கையின் பழக்கம். இங்கே கூட்டம் என்றால் நாம்தான். அது புரிந்துவிட்டால் வளர்ப்பில் பாதி வேலை முடிந்துவிடும்.

சத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரேசிலின் வடக்கு ஓரத்தில் ரொரைமா மாநிலம், அதை ஒட்டிய கயானா, அங்குள்ள புல்வெளிகளும் காட்டோரங்களும்தான் சன் கன்யூரின் ஊர். கூட்டத்தில் ஒன்று மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் "எங்கே இருக்கே?" என்று கத்தும். மற்றவை "இங்கேதான்" என்று பதில் கத்தும். விடிந்ததும் ஒரு சுற்று, பொழுது சாயும்போது ஒரு சுற்று, இடையில் யாராவது கண்ணில் இருந்து மறையும்போதெல்லாம். வீட்டில் நான் குளிக்கப் போனாலும் அது அதேதான் கேட்கிறது. பதில் வராவிட்டால் குரல் ஏறும். அப்போது நாம் ஓடிப்போய் "சும்மா இரு!" என்று அதட்டினால் அதற்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. இன்னும் பலமாகக் கத்தினால் ஆள் வருவார் என்று அது கற்றுக்கொள்ளும். நான் குளியலறையில் இருந்தே இரண்டு ஸ்வரத்தில் விசிலடிப்பேன். அதுவும் அதே இரண்டு ஸ்வரத்தைத் திருப்பி அடித்துவிட்டு அடங்கிவிடும். கிறீச்சிடும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, விசிலடித்தால் உடனே பதில் சொல்வோம். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால்தான் இது பலிக்கும். ஒருவர் இரக்கப்பட்டு ஓடினாலும் போச்சு.

இவ்வளவு செய்தாலும் காலைச் சுற்றும் மாலைச் சுற்றும் நிற்காது. நிறுத்தவும் முயலக் கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது கிரீன் சீக் கன்யூர். பொலிவியா, பராகுவே பக்கத்துப் பறவை. குரல் கணிசமாகச் சின்னது, எடையும் 60 முதல் 80 கிராம்தான். கடைகளில் பைனாப்பிள், சின்னமன், டர்காய்ஸ் என்று தனித்தனி ஜாதி போல விலை சொல்வார்கள். எல்லாம் ஒரே கிரீன் சீக்கின் நிறமாற்றங்கள்தான். குணத்தில் வித்தியாசம் கிடையாது. சன் கன்யூர் வாங்குகிறவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குஞ்சில் அது பெரும்பாலும் பச்சையாக இருக்கும். அந்த வெயில் மஞ்சள் முழுதாக ஏற ஒன்றரை இரண்டு வருடம் ஆகும். "நிறம் வரலை, ஏமாத்திட்டாங்க" என்று கொண்டுபோய் மாற்றிக்கொண்டவர்கள்கூட உண்டு.

அடுத்தது மூச்சு. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் வீடுகளில் கன்யூர் சாவதற்கான காரணங்கள் பல சமையலறையிலும் பூஜையறையிலும்தான் இருக்கின்றன.

பறவையின் நுரையீரல் நம்முடையது மாதிரி விரிந்து சுருங்குவது கிடையாது. உடம்பு முழுக்கக் காற்றுப்பைகள் இருக்கின்றன. அவை துருத்திபோல் காற்றைத் தள்ள, நுரையீரல் வழியாகக் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. உள்ளிழுக்கும்போதும் புதுக்காற்று, வெளிவிடும்போதும் புதுக்காற்று. பறப்பதற்கு வேண்டிய ஆக்சிஜனை இப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. காற்றில் விஷம் இருந்தால் அதையும் அதே வேகத்தில் எடுத்துக்கொள்ளும். நமக்கு லேசான இருமல் வருகிற புகை நூறு கிராம் பறவைக்கு எமன்.

நான்ஸ்டிக் பாத்திரம் அதில் முதலாவது. டெஃப்லான் பூச்சு அளவுக்கு மீறிச் சூடேறினால் வெளிவரும் வாயுவுக்கு வாசனை கிடையாது. வெறும் தோசைத்தவாவை அடுப்பில் வைத்துவிட்டு போன் பேசப் போன நேரம் போதும். அடுத்த அறையில் இருக்கும் பறவை சில நிமிடங்களில் கீழே விழுந்துவிடும். டாக்டரிடம் கொண்டுபோக நேரம் இருக்காது. தோசைத்தவா மட்டும் என்று நினைக்காதீர்கள். பணியாரச் சட்டி, சாண்ட்விச் மேக்கர், ஏர் ஃப்ரையர், சில அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றிலும் அதே பூச்சு இருக்கலாம். எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டு இரும்புத் தோசைக்கல்லுக்குத் திரும்பினோம். அம்மாவுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். "நான் அப்பவே சொன்னேன், இரும்புக் கல்லுல வர்ற மொறுமொறுப்பு இதுல வருமா?" என்றார்.

சாம்பிராணி விஷயத்தில் அம்மாவோடு பேச்சு அவ்வளவு சுலபமாக முடியவில்லை. வெள்ளிக்கிழமை சாயந்திரம் வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுவது அவருக்குச் சிறுவயதில் இருந்து வருகிற வழக்கம். விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பறவையை அந்தப் புகையில் வைக்கவும் முடியாது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் சாமந்தி மாடியறைக்குப் போய்விடும், கதவு சாத்தியிருக்கும், ஜன்னல் திறந்திருக்கும். புகை முழுக்க அடங்கிய பிறகுதான் கீழே வரும். கற்பூரமும் ஊதுபத்தியும் அப்படியே. கொசுவர்த்திச் சுருள், மேட், லிக்விட் மூன்றையும் நிறுத்தி ஜன்னல்களுக்கு வலை அடித்தோம். பீரோவில் இருந்த பாச்சை உருண்டைகளை எடுத்துவிட்டு வேப்பிலை போட்டோம். ரூம் ஸ்பிரே கிடையாது. கரப்பான் மருந்து அடிக்க ஆள் வருகிற நாளில் பறவை உறவினர் வீட்டில். மிளகாய் தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன், சமையலறைக் கதவு சாத்தல். கேட்பதற்குப் பெரிய பட்டியலாகத் தெரியும். ஒரு மாதத்தில் கை தானாகச் செய்யும்.

தீபாவளிதான் கடினம். தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் குறித்திருக்கிறது. தெரு அதைக் கேட்பதில்லை. வீட்டிலேயே உள்ளடங்கிய அறையில் கூண்டை வைப்போம். ஜன்னல் சாத்தி, கதவின் அடியில் ஈரத்துண்டு. சின்ன விளக்கு ஒன்று எரிய வேண்டும். கும்மிருட்டில் வெடிச்சத்தம் கேட்டால் கன்யூர் பயந்து கூண்டுக்குள் அடித்துக்கொண்டு இறகை ஒடித்துக்கொள்ளும், வளரும் இறகு ஒடிந்தால் ரத்தம் கொட்டும். யாராவது ஒருவர் கூடவே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். கூட்டத்தில் ஒருவர் அமைதியாக இருக்கிறார் என்றால் அதற்கும் கொஞ்சம் அமைதி வரும்.

சீலிங் ஃபேனையும் சொல்லிவிடுகிறேன். பறவை கூண்டுக்கு வெளியே இருக்கும்போது ஃபேன் ஓடக் கூடாது. சுவிட்ச் மேல் செலோடேப் ஒட்டி வையுங்கள். விருந்தினர் வந்தால் கை தானாக அங்கேதான் போகும்.

சாப்பாட்டுக்கு வருவோம். கடையில் "மிக்ஸ்" என்று கொடுப்பதில் பாதிக்கு மேல் சூரியகாந்தி விதை. கன்யூருக்கு அது உயிர். அதை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை இறைத்துவிடும். வருடக்கணக்கில் அதையே தின்றால் ஈரலில் கொழுப்பு ஏறும், வைட்டமின் ஏ குறைந்து வாயிலும் மூக்கிலும் புண் வரும். நாங்கள் காலையில் காய்கறி, பகலில் பெல்லட் (சத்துகளைச் சேர்த்து அழுத்திச் செய்த தீவன உருண்டை), சூரியகாந்தி விதை ஏதாவது சொன்னபடி செய்தால் பரிசாக மட்டும் என்று வைத்திருக்கிறோம். கேரட், பரங்கிக்காய், வேகவைத்த சர்க்கரைவள்ளி, முருங்கைக்கீரை, முளைகட்டிய பச்சைப்பயறு. தினைக்கதிர் கிடைத்தால் அன்று திருவிழா. தினைப்புனத்தில் கிளி விரட்டிய கதைகளோடு வளர்ந்தவர்கள் நாம். ஒரு கதிரைக் காலில் பிடித்து அது உருவுகிற வேகத்தைப் பார்த்தால் அந்தப் பெண்கள் பரண் மேல் பகல் முழுக்க ஏன் உட்கார்ந்திருந்தார்கள் என்று விளங்கும்.

பச்சைமிளகாய் தின்பதைப் பார்க்க வேண்டும். ஒரு காலில் நின்றுகொண்டு, மறுகாலால் மிளகாயைப் பென்சில்போல் பிடித்துக்கொள்ளும். காம்புப் பக்கம் ஒரு கடி, துப்பல். பிறகு நீளவாக்கில் தோலைக் கிழித்து, கறுத்த தடித்த நாக்கை உள்ளே விட்டு விதைகளை ஒவ்வொன்றாக எடுக்கும். விதையை அலகில் உருட்டி, மேல்தோலை உரித்து, உள்ளிருப்பதை விழுங்கும். தோல் சுவரில் ஒட்டியிருக்கும். கண்ணில் ஒரு சொட்டு நீர் இருக்காது. காரத்தை உணர்த்துகிற கேப்சைசின் நம் நரம்பில் எரிவதுபோலப் பறவையின் நரம்பில் எரிவதில்லை. பாலூட்டிகள் மென்று விதையை நாசம் செய்துவிடும், சாமந்தி மாதிரி உரிக்காமல் பழத்தை விழுங்கும் பறவைகள் விதையை முழுதாகத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடும். அதனால் செடிக்கும் இந்த ஏற்பாடு சௌகரியம். மிளகாயின் பூர்வீகமும் தென்னமெரிக்காதான். கொய்யாவும் அமெரிக்கக் கண்டத்துப் பழம். நாம் நம்முடையது என்று நினைத்துச் சந்தையில் வாங்குகிற பலவும் சாமந்தியின் ஊர்ச் சாமான்கள். அதே கொய்யாமரத்துக் கிளையைத்தான் கூண்டில் அமரவும் வைத்திருக்கிறோம். ஒரே கனத்தில் வழவழவென்று இருக்கும் மரக்கம்பியில் வருடக்கணக்கில் நின்றால் பாதம் புண்ணாகும். கிளை என்றால் ஓர் இடம் தடிப்பு, ஓர் இடம் மெலிசு, கால் மாறி மாறிப் பிடிக்கும்.

கொடுக்கவே கூடாதவை: அவகாடோ, சாக்லேட், காபி, டீ, வெங்காயம், பூண்டு, உப்புப் போட்ட எதுவும். ஆப்பிள் கொடுக்கலாம், விதையை எடுத்துவிட்டு. வேர்க்கடலையில் பூஞ்சை விஷம் இருக்க வாய்ப்புண்டு, எங்கள் வீட்டில் கொடுப்பதில்லை. "ஒரு வாய் காபி குடிச்சா என்ன ஆயிடும்?" என்று டம்ளரை நீட்டுகிற பெரியவர்களிடம் கண்டிப்பாக இருங்கள்.

தூக்கம் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம். நம் வீடுகளில் டிவி பதினோரு மணிவரை ஓடும் ஹாலில்தான் கூண்டு இருக்கும். பிறகு "எரிச்சலா இருக்கு, கடிக்குது" என்பார்கள். ஏழரை மணிக்கு வேறு அறைக்கு மாற்றித் துணி போட்டுவிட்டால் பாதிக் கடி குறையும். காட்டில் இவை மரப்பொந்துக்குள் நெருக்கியடித்துத் தூங்கும். அதனால் சட்டைக்குள், தலையணைக்கடியில், போர்வைக்குள் புகுந்துகொள்ள அவ்வளவு ஆசை. மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கிக்கொண்டு தூங்கும் கன்யூரைப் பார்த்துச் செத்துவிட்டதோ என்று பதறாதவர் இல்லை. பார்க்கப் பாசமாகத்தான் இருக்கும், ஆனால் படுக்கையில் கூட வைத்துத் தூங்காதீர்கள். புரண்டு படுத்தால் அவ்வளவுதான். கூண்டில் துணிக்கூடாரம் தொங்கவிடுவதும் வேண்டாம். பொந்து கிடைத்துவிட்டது என்று உடம்பு இனப்பெருக்கத்துக்குத் தயாராகும், பெண் என்றால் முட்டைக்கு மேல் முட்டை வைத்துச் சுண்ணாம்புச் சத்து வற்றிப்போகும். தடவுவதும் தலை, கழுத்தோடு நிற்கட்டும். முதுகைத் தடவுவதை அது ஜோடி அழைப்பாக எடுத்துக்கொள்ளும்.

எனக்குக் கோபம் வருகிற இடம் குஞ்சு வியாபாரம். கண் சரியாகத் திறக்காத, இறகு முளைக்காத குஞ்சைப் பவுடர் டப்பாவோடு சேர்த்து விற்கிறார்கள். "நீங்களே ஊட்டினாத்தான் அண்ணா உங்ககிட்ட ஒட்டிக்கும்" என்பார்கள். தெரிந்த ஒரு பையன் அப்படி வாங்கி வந்தான். பாசமாகத்தான் ஊட்டினான். கூழ் ஒருநாள் கூடுதல் சூடாகிவிட்டது. கழுத்தடியில் இரை தங்கும் தீன்பை வெந்து, கழுத்துக்குக் கீழே தோல் கறுத்து ஓட்டை விழுந்து, ஊட்டிய கூழ் அந்த ஓட்டை வழியாகவே கசிந்தது. குஞ்சு பிழைக்கவில்லை. அந்தப் பையன் பல மாதம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கூழ் 39, 40 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். சிரிஞ்சில் வேகமாகத் தள்ளினால் மூச்சுக்குழாயில் போய்விடும். ஆறினால் தீன்பையில் தேங்கிப் புளிக்கும். இதெல்லாம் வருடக்கணக்கில் பழகிய வளர்ப்பாளர்கள் செய்ய வேண்டிய வேலை. தானாகச் சாப்பிடப் பழகிய பறவையை வாங்கினாலும் அது ஒட்டிக்கொள்ளும். கன்யூர் கூட்டம் தேடும் பறவை, தினமும் நேரம் கொடுக்கிறவரோடு சேர்ந்துகொள்ளும். ஊட்டி வளர்த்ததால்தான் பாசம் என்பது விற்கிறவர்களுக்கு வசதியான பேச்சு. குஞ்சைச் சீக்கிரம் கைமாற்றிவிட்டால் ஊட்டும் வேலை அவர்களுக்கு மிச்சம்.

நோயை மறைப்பதும் காட்டுப் பழக்கம்தான். கூட்டத்தில் தளர்ந்தது எது என்று பருந்து பார்த்துக்கொண்டிருக்கும், ஆகவே கடைசிவரை தெம்பாக இருப்பதுபோல் நடிக்கும். இறகைச் சிலுப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்காருகிற நிலைக்கு வந்துவிட்டால் ஏற்கெனவே நாள் கடந்துவிட்டது. அதனால் எடை பாருங்கள். நகைக்கடைத் தராசெல்லாம் வேண்டாம், சமையலறை டிஜிட்டல் தராசு போதும். காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, சாப்பாட்டுக்கு முன், தராசில் ஏறச் சொல்லி ஒரு விதை. சன் கன்யூர் 100 முதல் 120 கிராம் இருக்கும். வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தாமதிக்காமல் டாக்டர். எச்சத்தையும் கவனியுங்கள். பச்சை, வெள்ளை, நீர் என்று மூன்று பகுதி இருக்க வேண்டும். பீட்ரூட் தின்ற நாளில் சிவப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போது மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கினால் அது மூச்சுத்திணறல். நாய், மாடு பார்க்கிற டாக்டர்கள் ஊருக்கு ஊர் உண்டு, பறவை பார்க்கிறவர்கள் குறைவு. பறவை வாங்குமுன் அவரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கேப்சூல் பொடியைக் கரைத்து வை என்று கடையில் சொல்கிற வைத்தியத்தைக் கேட்காதீர்கள். வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், வீட்டில் கிளி இருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். கிளியிடம் இருந்து மனிதருக்கு வரும் சிட்டகோசிஸ் என்ற நோய் உண்டு, தெரிந்தால் மருந்து இருக்கிறது.

சட்டம் பற்றி நிறையத் தவறான பேச்சு உலவுகிறது. நம் பச்சைக்கிளியை வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டுப் பறவை என்றால் காகிதமே வேண்டாம் என்று சொல்லி விற்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியல்களில் உள்ள உயிரினங்கள் நான்காம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி அவற்றை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிய வேண்டும். பட்ஜிஸ், காக்கட்டீல் போன்ற சில கிளிகள் மட்டும் அந்தப் பட்டியலில் கிடையாது. கன்யூர்கள் உண்டு. குஞ்சு பொரித்தாலும், கைமாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். இதை நான் தொல்லையாக நினைக்கவில்லை. உலகமெங்கும் கூண்டுகளில் சன் கன்யூர் நிறைந்திருக்க, அதன் சொந்தக் காட்டில் அது அழியும் ஆபத்தில் உள்ள பறவை. பிடித்துப் பிடித்து விற்றே அந்த நிலை. கயானாவில் கராசபை என்ற கிராமத்தில் மகுஷி பழங்குடி மக்கள் முன்பு பிடித்து விற்ற அதே பறவையை இப்போது பிடிக்காமல் காத்து, பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுகிறார்கள். அவர்கள் அங்கே காப்பாற்றும்போது, நாம் இங்கே ஒரு படிவம் நிரப்புவது பெரிய காரியமா?

கன்யூருக்கு ஆயுள் இருபது, இருபத்தைந்து வருடம். முப்பதைத் தொட்டவையும் உண்டு. ஒன்றரை இரண்டு வயதில் பருவம் எட்டும்போது நேற்றுவரை கொஞ்சிய பறவை இன்று ரத்தம் வரக் கடிக்கும். கண்மணி சுருங்கி விரிவது, பிடரி இறகு சிலிர்ப்பது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கடிக்கும். அதைப் படித்துக் கையை எடுத்துக்கொண்டால் சில மாதங்களில் அந்தக் கட்டம் கடந்துபோகும். பலர் அதற்குள் விற்றுவிடுகிறார்கள், அல்லது இறக்கையை வெட்டிக் கூண்டிலேயே போட்டுவிடுகிறார்கள். தனிமை தாங்காமல் தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிக்கொண்ட கன்யூர்களைப் பார்த்திருக்கிறேன். கழுத்துக்குக் கீழே வெறும் தோல், தலையில் மட்டும் ஆரஞ்சு.

அதனால் இப்போதெல்லாம் கேட்கிறவர்களிடம், புதுக்குஞ்சு தேடாதீர்கள், இப்படிக் கைவிடப்படுகிற வளர்ந்த பறவை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். நிறம் தெரியும், குரல் தெரியும், எதற்குக் கடிக்கும் என்பதும் பழைய வீட்டில் கேட்டால் தெரிந்துவிடும். வீட்டில் வேறு பறவை இருந்தால் ஒரு மாதமாவது தனி அறையில் வைத்து, டாக்டரிடம் காட்டிப் பரிசோதித்துவிட்டுச் சேர்த்து வையுங்கள். பதிவை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதல் வாரம் கூண்டுக்கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள், கையை நீட்ட வேண்டாம். தானாக வெளியே வந்து உங்கள் சட்டைப் பொத்தானைக் கடிக்க ஆரம்பித்தால் சேர்ந்துகொண்டது என்று அர்த்தம்.